நம் ஊருக்கு ஏற்ற அட்டைச் சூரியக் கடிகாரம்: முழுமையான செய்முறை வழிகாட்டி

காகிதத்தில் சூரியக் கடிகாரம் செய்வதற்கான மாதிரிப் படங்கள் இணையத்தில் ஏராளமாகக் கிடைக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை ஐரோப்பாவையும் வட அமெரிக்காவையும் கருத்தில் கொண்டு வரையப்பட்டவை. அவற்றை அச்சிட்டு, வெட்டி, ஒட்டி, தஞ்சாவூரிலோ யாழ்ப்பாணத்திலோ வெயிலில் வைத்தால் காட்டும் நேரம் தவறாகவே இருக்கும். செய்தவரின் கைத்திறனில் குறை இருக்காது. அந்தப் படம் வேறு ஓர் அட்சரேகைக்கு உரியது என்பதே காரணம். சூரியக் கடிகாரம் தான் நிற்கும் இடத்தோடு பிணைக்கப்பட்ட கருவி. ஆகவே இந்த வழிகாட்டியில், நிலநடுக்கோட்டுக்கு அருகில் வாழும் நமக்கு மிகவும் பொருந்தும் ஒரு வகையை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் அளவுகளையும் அவற்றுக்கான காரணங்களையும் சேர்த்தே விளக்குகிறேன்.

ஏன் இந்த வகை?

பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்கிறது. அதாவது ஒரு மணிக்கு 15 பாகை, 4 நிமிடத்துக்கு 1 பாகை. செங்குத்தாக நட்ட குச்சியின் நிழல், ஒரே மணி நேரத்தில் கூட, தை மாதத்தில் ஒரு திசையிலும் ஆனி மாதத்தில் வேறொரு திசையிலும் விழும். நிழல் தரும் விளிம்பைப் பூமியின் அச்சுக்கு இணையாகச் சாய்த்து வைத்துவிட்டால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடுகிறது: பருவம் எதுவாயினும் குறிப்பிட்ட மணிக்கு அந்த விளிம்பின் நிழல் அதே கோட்டின் மேல் வந்து விழும். ஜெய்ப்பூரில் சவாய் ஜெய்சிங் 18ஆம் நூற்றாண்டில் எழுப்பிய ஜந்தர் மந்தரின் சாம்ராட் யந்திரம் என்னும் பெரிய சூரியக் கடிகாரம் ஏறத்தாழ 27 மீட்டர் உயரமுள்ளது. அதன் சாய்வான மேல் விளிம்பும் இதே காரணத்துக்காகவே ஜெய்ப்பூரின் அட்சரேகைக்குச் சமமான 27 பாகையில் வடக்கு நோக்கி ஏறுகிறது. நாம் அட்டையில் செய்யப்போவதும் அதே தத்துவத்தில் இயங்குவதுதான்.

பூங்காக்களிலும் படங்களிலும் நாம் அதிகம் காண்பது, தட்டையாகக் கிடக்கும் வட்டத் தகட்டின் மேல் முக்கோணம் ஒன்று நிற்கும் கிடைமட்ட வகை. அதில் நண்பகல் கோட்டுக்கும் பகல் 1 மணிக் கோட்டுக்கும் இடையிலுள்ள கோணம் லண்டனில் சுமார் 12 பாகை. தஞ்சாவூரில் அதே கோணம் 3 பாகைக்கும் சற்றுக் குறைவு. காலை 9 மணி முதல் மாலை 3 மணி வரையிலான ஆறு மணி நேரமும் தஞ்சாவூரில் 21 பாகைக்குள் நெருக்கிக்கொண்டு நிற்க, மாலை 5 மணிக்கும் 6 மணிக்கும் இடையே மட்டும் 55 பாகை வெறுமனே விரிந்து கிடக்கும். நிழல் தெளிவாக விழும் நேரத்தில் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால், நம் பகுதியில் கிடைமட்ட வகையை அட்டையில் செய்து நேரம் படிப்பது மிகக் கடினம்.

இதற்கு மாற்றாக, தகட்டையே பூமியின் அச்சுக்கு இணையாகச் சாய்த்துவிடலாம். நிழல் தரும் சுவர் அந்தத் தகட்டின் மேல் செங்குத்தாக நிற்கும். சுவரின் மேல் விளிம்பு தகட்டுக்கு இணையாக ஓடும். மணிக் கோடுகள் அனைத்தும் ஒன்றுக்கொன்று இணையான நேர்கோடுகளாக அமையும். இதைத் துருவச் சூரியக் கடிகாரம் என்பார்கள். லண்டனில் இந்தத் தகட்டை 51 பாகைக்கு மேல் தூக்கி நிறுத்த வேண்டும். தமிழ்நாட்டிலோ 8 முதல் 13 பாகை வரை சாய்த்தால் போதும் என்பதால் ஒரு சாய்வு மேசையைப் போல உறுதியாக உட்கார்ந்துகொள்ளும். ஆண்டு முழுவதும் ஒரே முகத்தில் வெயில் படுவதும், வரைவதற்குக் கவராயமும் பாகைமானியும் இன்றி அளவுகோலே போதும் என்பதும் இதன் மற்ற நன்மைகள்.

ஒரு வரம்பு உண்டு. காலை 6 மணிக்கும் மாலை 6 மணிக்கும் சூரியக் கதிர்கள் தகட்டுக்கு இணையாகச் செல்வதால் நிழல் தகட்டில் விழாது. ஆகவே காலை 7 முதல் மாலை 5 வரைதான் இதில் நேரம் பார்க்க முடியும்.

தேவையான பொருள்கள்

புத்தகம் பைண்டிங் செய்பவர்கள் பயன்படுத்தும் 2 மி.மீ. கனமான அட்டை, ஏ4 அளவில் இரண்டு, அதே அட்டையில் தாங்கிகளுக்காகச் சிறிது கூடுதல் துண்டு, திருமண அழைப்பிதழ் போன்ற கெட்டியான, ஆனால் மடங்கக்கூடிய மெல்லிய அட்டை ஒன்று, வெள்ளைக் காகிதம், ஃபெவிகால், கட்டர், இரும்பு அளவுகோல், மூலைமட்டம், கூர்மையான பென்சிலும் கறுப்பு மைப் பேனாவும், அகலமான துணி டேப். தாங்கிகளை வரைய மட்டும் ஒரு கவராயம் இருந்தால் நல்லது. கட்டரால் வெட்டும் வேலையைச் சிறுவர்கள் பெரியவர்களின் துணையோடு செய்ய வேண்டும்.

முதல் படி: தகடு

பைண்டிங் அட்டை ஒன்றை 280 மி.மீ. நீளம், 200 மி.மீ. அகலம் என்று வெட்டிக்கொள்ளுங்கள். அதன் மேல் வெள்ளைக் காகிதத்தை ஒட்டி, கனமான புத்தகங்களை ஏற்றி, ஓர் இரவு முழுவதும் காய விடுங்கள். கோடுகளைக் காகிதத்தில் முன்கூட்டியே வரைந்துவிட்டுப் பிறகு ஒட்டக் கூடாது. நீர் கலந்த பசை பட்டால் காகிதம் சற்று விரியும். அந்த ஒரு மில்லிமீட்டர் நண்பகலை ஒட்டிய பகுதியில் ஏழெட்டு நிமிடப் பிழையாக மாறும். அட்டையின் அடிப்பக்கத்திலும் அதே போல ஒரு காகிதத்தை ஒட்டிவிட்டால், காயும்போது அட்டை ஒரு பக்கமாக வளையாமல் இருக்கும்.

காய்ந்ததும், நீளப் பக்கம் இடவலமாக இருக்கும்படி தகட்டை உங்கள் முன் வையுங்கள். உங்களுக்கு எதிரே உள்ள மேல் விளிம்பு வடக்கு, உங்களை ஒட்டிய விளிம்பு தெற்கு, இடக்கை மேற்கு, வலக்கை கிழக்கு. இந்த நான்கையும் பென்சிலால் ஓரங்களில் எழுதிவிடுங்கள். பின்னால் எண்களை இடம் மாற்றி எழுதுவதுதான் இந்த வேலையில் மிகப் பரவலாக நேரும் தவறு. திசை எழுதப்பட்டிருந்தால் அது நேராது.

இடது ஓரத்திலிருந்து 140 மி.மீ. தொலைவில் வடக்கு தெற்காக ஒரு நடுக்கோடு வரையுங்கள். அந்தக் கோட்டின் மேல், வட விளிம்பிலிருந்து 40 மி.மீ. விட்டு, தென் விளிம்பிலும் 40 மி.மீ. விட்டு, நடுவிலுள்ள 120 மி.மீ. நீளத்துக்கு ஒரு பிளவு வெட்ட வேண்டும். பிளவின் அகலம் அடுத்த படியில் மடிக்கப்போகும் சுவரின் கனத்துக்குச் சமமாக, சுமார் 1 மி.மீ. இருக்க வேண்டும் என்பதால், சுவரை மடித்து அளந்த பிறகே வெட்டுங்கள்.

இரண்டாம் படி: நிழல் தரும் சுவர்

இதன் உயரமே மற்ற எல்லா அளவுகளையும் தீர்மானிக்கிறது. நாம் 30 மி.மீ. என்று வைத்துக்கொள்கிறோம், அப்போதுதான் காலை 7 மணிக் கோடும் மாலை 5 மணிக் கோடும் ஏ4 தாளின் நீளத்துக்குள் அடங்கும்.

மெல்லிய அட்டையில் 120 மி.மீ. நீளமும் 104 மி.மீ. அகலமும் கொண்ட பட்டையை வெட்டுங்கள். அகலவாட்டில் ஓர் ஓரத்திலிருந்து 20, 52, 84 மி.மீ. தொலைவுகளில் நீளவாட்டுக் கோடுகள் போட்டு, மை தீர்ந்த பேனாவின் முனையால் அழுத்திக் கீறிக்கொள்ளுங்கள். நடுவில் உள்ள 52ஆம் கோட்டில் மடித்தால் இரண்டு 32 மி.மீ. பட்டைகள் ஒன்றின் மேல் ஒன்றாகச் சேர்ந்து சுவர் ஆகும். இருபுறமும் மிஞ்சும் 20 மி.மீ. பட்டைகள் காதுகளாக வெளிப்புறம் மடங்கும். சுவரின் உட்பக்கங்களை ஒட்டிக் காய வையுங்கள்.

உயரம் 30 என்று சொல்லிவிட்டு 32 மடிப்பதற்குக் காரணம், 2 மி.மீ. தகட்டின் கனத்துக்குள் மறைந்துவிடும் என்பதே. தகட்டின் கனம் வேறாக இருந்தால், 30 உடன் அந்தக் கனத்தைக் கூட்டி மடிப்புக் கோடுகளை மாற்றிக்கொள்ளுங்கள். ஒட்டிய காகிதத்தையும் சேர்த்தே கனத்தை அளப்பது நல்லது.

மூன்றாம் படி: மணிக் கோடுகள்

சுவரைப் பொருத்துவதற்கு முன்பே கோடுகளை வரைந்துவிட வேண்டும். நண்பகலுக்கு முன்போ பின்போ ஒரு மணி நேரம் தள்ளிய கோடு, சுவரின் உயரத்தை 15 பாகையின் டேன்ஜென்ட் மதிப்பால் பெருக்கிய தொலைவில் அமையும். இரண்டு மணி நேரம் என்றால் 30 பாகை, மூன்று என்றால் 45 பாகை. 30 மி.மீ. உயரத்துக்குக் கணக்கிட்ட தொலைவுகள் இவை:

காலை 11.30, பகல் 12.30 — 3.9 மி.மீ.
காலை 11, பகல் 1 — 8.0 மி.மீ.
காலை 10.30, பகல் 1.30 — 12.4 மி.மீ.
காலை 10, பகல் 2 — 17.3 மி.மீ.
காலை 9.30, பகல் 2.30 — 23.0 மி.மீ.
காலை 9, மாலை 3 — 30.0 மி.மீ.
காலை 8.30, மாலை 3.30 — 39.1 மி.மீ.
காலை 8, மாலை 4 — 52.0 மி.மீ.
காலை 7.30, மாலை 4.30 — 72.4 மி.மீ.
காலை 7, மாலை 5 — 112.0 மி.மீ.

காலை 9 மணிக் கோடும் மாலை 3 மணிக் கோடும் சுவரின் உயரத்துக்குச் சமமான தொலைவில் நிற்பதைக் கவனியுங்கள். 45 பாகையில் நிழலும் பொருளும் சமம் என்பதால், வேறு எந்த உயரத்துக்குச் செய்தாலும் இந்த ஒரு கோட்டைக் கணக்கில்லாமலே வரையலாம். வரைந்தது சரியா என்று சோதிக்கவும் இதுவே உதவும்.

இந்தத் தொலைவுகளை எங்கிருந்து அளப்பது என்பதில் கவனம் தேவை. காலையில் சூரியன் கிழக்கில் இருப்பதால் நிழல் மேற்கில் விழுகிறது. அந்த நிழலின் ஓரத்தைத் தீர்மானிப்பது சுவரின் மேற்கு முகத்தின் மேல் விளிம்பு. மாலையில் இது கிழக்கு முகத்துக்கு மாறுகிறது. ஆகவே காலைக் கோடுகளைப் பிளவின் மேற்கு ஓரத்திலிருந்து இடப்புறமாகவும், மாலைக் கோடுகளைப் பிளவின் கிழக்கு ஓரத்திலிருந்து வலப்புறமாகவும் அளக்க வேண்டும். பிளவின் இரண்டு ஓரங்களையும் வட, தென் விளிம்புகள் வரை நீட்டினால் நண்பகலுக்கு இரட்டைக் கோடு கிடைக்கும். இதைச் செய்யாமல் நடுக்கோட்டிலிருந்து எல்லாவற்றையும் அளப்பவர்களின் கடிகாரம் காலையில் உரிய நேரத்தைவிடச் சற்றுக் குறைவாகவும் மாலையில் சற்றுக் கூடுதலாகவும் காட்டும்.

மணிக் கோடுகளைத் தகட்டின் வட விளிம்பிலிருந்து தென் விளிம்பு வரை முழுநீளமாக மையில் வரையுங்கள். அரைமணிக் கோடுகளை மெல்லியதாக வரையலாம். இடப்புறம் சுவரிலிருந்து வெளிநோக்கி 11, 10, 9, 8, 7 என்றும், வலப்புறம் 1, 2, 3, 4, 5 என்றும் எண்ணிடுங்கள். கால்மணிக் கோடு வேண்டுமானால் இரண்டு கோடுகளுக்கு நடுவே பாதியில் போட்டுவிடாதீர்கள்: 4 மணியிலிருந்து 4.30 வரை 20 மி.மீ., அங்கிருந்து 5 வரை 40 மி.மீ. என்று இடைவெளி வளர்ந்துகொண்டே போவதால், ஒவ்வொன்றையும் 3.75 பாகையின் மடங்குகளைக் கொண்டு கணக்கிட வேண்டும்.

இப்போது சுவரைப் பிளவின் வழியே கீழிருந்து மேலாகச் செருகி, காதுகளைத் தகட்டின் அடியில் ஒட்டுங்கள். பசை காய்வதற்குள் மூலைமட்டத்தை இருபுறமும் வைத்துச் சுவர் செங்குத்தாக நிற்கிறதா என்றும், மேலே 30 மி.மீ. தெரிகிறதா என்றும் இரு முனைகளிலும் பார்த்துவிடுங்கள்.

நான்காம் படி: உங்கள் ஊருக்கான சாய்வு

தகட்டின் வட விளிம்பைத் தூக்கி, அது கிடைமட்டத்தோடு செய்யும் கோணம் உங்கள் ஊரின் அட்சரேகைக்குச் சமமாகும்படி வைக்க வேண்டும். வட துருவ விண்மீன் அடிவானத்துக்கு மேல் நிற்கும் உயரமும் ஏறத்தாழ இதே கோணம்தான். அதாவது சுவரின் விளிம்பு அந்த விண்மீனை நோக்கிக் குறிபார்க்கிறது. 200 மி.மீ. அகலத் தகட்டுக்கு, வட விளிம்பு எத்தனை மில்லிமீட்டர் உயர வேண்டும் என்பதைக் கீழே தருகிறேன். இரண்டாவது எண் நிமிடக் கணக்கு. அதன் பயன் பின்னால் வரும்.

சென்னை — 45 மி.மீ.; 9 நிமிடம்
புதுச்சேரி — 41 மி.மீ.; 11 நிமிடம்
சேலம் — 40 மி.மீ.; 17 நிமிடம்
கோயம்புத்தூர் — 38 மி.மீ.; 22 நிமிடம்
திருச்சிராப்பள்ளி — 37 மி.மீ.; 15 நிமிடம்
தஞ்சாவூர் — 37 மி.மீ.; 13 நிமிடம்
மதுரை — 34 மி.மீ.; 18 நிமிடம்
யாழ்ப்பாணம் — 34 மி.மீ.; 10 நிமிடம்
திருநெல்வேலி — 30 மி.மீ.; 19 நிமிடம்
திருகோணமலை — 30 மி.மீ.; 5 நிமிடம்
கன்னியாகுமரி — 28 மி.மீ.; 20 நிமிடம்
மட்டக்களப்பு — 27 மி.மீ.; 3 நிமிடம்
கொழும்பு — 24 மி.மீ.; 11 நிமிடம்
கோலாலம்பூர் — 11 மி.மீ.; 73 நிமிடம்
சிங்கப்பூர் — 5 மி.மீ.; 65 நிமிடம்

பட்டியலில் இல்லாத ஊருக்கு, அட்சரேகையின் சைன் மதிப்பை 200 ஆல் பெருக்கினால் போதும். ஒரு பாகை, அதாவது வடக்கு தெற்காகச் சுமார் 111 கிலோமீட்டர் நகர்ந்தால், உயரம் மூன்றரை மில்லிமீட்டர் மாறும். எனவே பக்கத்து ஊரின் அளவை எடுத்துக்கொள்வதால் பெரிய கேடு ஒன்றுமில்லை.

தாங்கிகளைச் செங்கோண முக்கோணங்களாக வெட்ட வேண்டும். பைண்டிங் அட்டைத் துண்டில் நீளமான அடிக்கோடு ஒன்று வரைந்து, அதன் ஒரு முனையில் மூலைமட்டத்தால் செங்குத்துக் கோடு எழுப்பி, உங்கள் ஊருக்கான உயரத்தை அதில் குறியுங்கள். கவராயத்தை 200 மி.மீ. விரித்து, அந்தக் குறியில் ஊன்றி, அடிக்கோட்டை வெட்டும்படி வில் போடுங்கள். அவ்வளவு அகலம் விரியாத கவராயமாக இருந்தால், அளவுகோலின் சுழியைக் குறியில் வைத்து, 200 என்ற அளவு அடிக்கோட்டைத் தொடும் இடத்தைக் கண்டுபிடிக்கலாம். பாகைமானியில் 10.8 பாகையைக் கண்ணால் மதிப்பிடுவதைவிட இந்த முறையில் துல்லியம் அதிகம். இதைப் போல் நான்கு முக்கோணங்கள் தேவை.

இரண்டாவது பைண்டிங் அட்டையை 280க்கு 200 மி.மீ. அளவில் அடிப்பலகையாக வெட்டி, அதன் தென் விளிம்பையும் தகட்டின் தென் விளிம்பையும் துணி டேப்பால் புத்தக அட்டை போல இணையுங்கள். இரண்டு ஓரங்களிலும் ஒவ்வொன்று, நடுக்கோட்டின் இருபுறமும் சுமார் 60 மி.மீ. தள்ளி ஒவ்வொன்று என்று முக்கோணங்களை நிறுத்தி ஒட்டினால், சுவரின் காதுகளில் இடிக்காது. தகடும் நடுவில் தொய்யாது. முக்கோணங்களை அடிப்பலகையில் மட்டும் ஒட்டி, தகட்டை அவற்றின் மேல் சாய்த்து வைத்தால், வேறு ஊருக்குக் கொண்டு செல்லும்போது அடிப்பலகையை மட்டும் புதிதாகச் செய்துகொள்ளலாம்.

ஐந்தாம் படி: வடக்கு தெற்குக் கோடு

செய்முறையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். காந்த ஊசியையோ கைபேசியையோ நம்பாமல், நிழலைக் கொண்டே திசை காணும் முறை நம்மிடம் மிகப் பழமையானது. பத்துப்பாட்டில் ஒன்றான நெடுநல்வாடையில், அரண்மனைக்கு இடம் வகுக்கும் இடத்தில், இரண்டு கோல்களை நட்டு அவற்றின் நிழலால் நண்பகலைக் கணித்து, நூலறிந்தவர்கள் கயிறிட்டுத் திசை குறித்ததை நக்கீரர் பாடியிருக்கிறார். கோயில் கட்டும் ஸ்தபதிகளின் மரபிலும் சங்கு என்னும் நிழல்கோலை நாட்டித் திசை காண்பது முதல் வேலைகளில் ஒன்று.

நாள் முழுதும் வெயில் விழும், மட்டமான மொட்டை மாடியோ முற்றமோ வேண்டும். ஒரு முழம் நீளமுள்ள நேரான குச்சியைக் களிமண்ணிலோ மணல் நிரப்பிய டப்பாவிலோ நட்டு, நூலில் கட்டிய எடையைத் தூக்குக்குண்டாகத் தொங்கவிட்டு, இரு திசைகளிலிருந்தும் பார்த்துச் செங்குத்தாக்குங்கள். குச்சியின் உச்சிக்கு நேர் கீழே உள்ள புள்ளியை மையமாகக் கொண்டு, சாக்குக்கட்டியாலும் நூலாலும் வெவ்வேறு ஆரங்களில் மூன்று வட்டங்கள் வரையுங்கள். முற்பகலில் நிழல் குறுகிக்கொண்டே வந்து அதன் நுனி ஒவ்வொரு வட்டத்தையும் தொடும். தொடும் இடத்தைக் குறியுங்கள். பிற்பகலில் நிழல் நீண்டு அதே வட்டங்களை மீண்டும் தொடும், அதையும் குறியுங்கள். ஒரே வட்டத்தின் இரு குறிகளை இணைக்கும் கோடு கிழக்கு மேற்கு. அதற்குச் செங்குத்தானது வடக்கு தெற்கு. மூன்று வட்டங்கள் எதற்கென்றால், உரிய நேரத்தில் மேகம் மறைத்து ஒன்று தவறினாலும் மற்றவை கைகொடுக்கும். மூன்றும் கிடைத்தால் கோடுகள் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கின்றனவா என்று சரிபார்க்கலாம்.

ஒரு நாள் காத்திருக்க முடியாதவர்கள் கடிகாரத்தைக் கொண்டும் இதைச் செய்யலாம். அடுத்த பகுதியில் சொல்லும் திருத்தங்களைக் கூட்டி, உங்கள் ஊரில் சூரியன் உச்சிக்கு வரும் நேரத்தைக் கணக்கிடுங்கள். சரியாக அந்த நிமிடத்தில், சுவரின் இருபுறமும் நிழலே இல்லாமல் போகும்படி அடிப்பலகையைத் திருப்புங்கள். டிசம்பர், ஜனவரியில் இந்த முறை மிக நன்றாக வேலை செய்யும். ஆனால் சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே வரும் நிழலில்லா நாள்களை ஒட்டி, அதாவது சென்னையில் ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 ஆகிய தேதிகளின் அண்மையிலும், தெற்கே போகப் போக ஏப்ரலில் அதற்குச் சில நாள் முன்னதாகவும் ஆகஸ்டில் சில நாள் பின்னதாகவும், பலகையை எந்தப் பக்கம் திருப்பினாலும் நிழல் மாறாது. அந்த நாள்களில் வட்ட முறையே சிறந்தது. அப்போது குச்சியின் நிழல் நுனி ஏறத்தாழ நேர்கோட்டில் மேற்கிலிருந்து கிழக்கே செல்வதால் திசை இன்னும் தெளிவாகவே கிடைக்கும்.

திசையில் பிழை இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கணக்கு: தஞ்சாவூரில் பலகை 5 பாகை திரும்பியிருந்தால், டிசம்பர் நண்பகலில் சுமார் 12 நிமிடப் பிழை வரும், ஏப்ரல் நண்பகலில் அது கண்ணுக்கே தெரியாது. ஏப்ரலில் சரியாகக் காட்டிய கடிகாரம் டிசம்பரில் பிசகினால், முதலில் ஐயப்பட வேண்டியது திசையையே.

வடக்கு தெற்குக் கோட்டின் மேல் சுவர் பொருந்தும்படி, உயர்ந்த விளிம்பு வடக்கே இருக்க, கடிகாரத்தை வையுங்கள். அடிப்பலகை இரு திசையிலும் மட்டமாக இருக்கிறதா என்று இரசமட்டத்தால் பாருங்கள். கிழக்கு மேற்காக ஒரு பாகை சாய்ந்தாலும் 4 நிமிடம் பிசகிவிடும். மொட்டை மாடிகள் மழைநீர் வடிவதற்காகச் சரிவாகவே கட்டப்படுகின்றன என்பதால், அடியில் காகித மடிப்புகளைச் செருகி மட்டப்படுத்த வேண்டியிருக்கும்.

நேரம் படித்தலும் கைக்கடிகாரத்தோடு ஒப்பிடுதலும்

சுவரிலிருந்து பரவும் நிழலின் வெளி ஓரம் எந்தக் கோட்டில் இருக்கிறதோ அதுவே நேரம். அந்த ஓரம் கத்தியால் வெட்டியது போலக் கூர்மையாக இராது. வானில் சூரியத் தட்டின் அகலம் அரைப் பாகை. அரைப் பாகை நகர 2 நிமிடம் ஆகும். ஆகவே ஓரத்தின் மங்கலான பகுதியே 2 நிமிட அகலம் கொண்டது. மங்கலின் நடுவைப் படியுங்கள். இதற்கு மேற்பட்ட துல்லியத்தை எந்த எளிய நிழற்கடிகாரத்திலும் எதிர்பார்க்க இயலாது. நேரம் பார்ப்பது நிழலில்தான். சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது என்று குழந்தைகளுக்குச் சொல்லிவைக்க வேண்டும்.

படித்த நேரம் கைக்கடிகாரத்தோடு ஒத்துப்போகாது. ஒத்துப்போகாததற்கு இரண்டு காரணங்கள் உண்டு. இந்திய நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கு உரியது. இலங்கையும் அதே நேரத்தையே பின்பற்றுகிறது. மலேசிய, சிங்கப்பூர் நேரம் 120 பாகைத் தீர்க்கரேகைக்கு உரியது. நாம் அந்தந்த ரேகைக்கு மேற்கே இருப்பதால், ஒவ்வொரு பாகைக்கும் 4 நிமிடம் தாமதமாகவே சூரியன் நம் உச்சிக்கு வருகிறது. மேலே ஊர்ப் பட்டியலில் உள்ள நிமிடங்கள் இந்த வேறுபாடுதான். ஆண்டு முழுவதும் மாறாமல் அவற்றைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது காரணம் தேதியைப் பொறுத்தது. பூமியின் பாதை நீள்வட்டமாக இருப்பதாலும், அதன் அச்சு 23.4 பாகை சாய்ந்திருப்பதாலும், ஓர் உச்சிப்பொழுதிலிருந்து அடுத்த உச்சிப்பொழுது வரையிலான காலம் ஆண்டு முழுவதும் சமமாக இருப்பதில்லை. அந்தச் சிறு வேறுபாடுகள் சேர்ந்து சேர்ந்து, பிப்ரவரி நடுவில் சூரியனை 14 நிமிடம் பிந்த வைக்கின்றன. நவம்பர் தொடக்கத்தில் 16 நிமிடம் முந்த வைக்கின்றன. ஒவ்வொரு மாதமும் 15ஆம் தேதிக்கு உரிய திருத்தம், முழு நிமிடங்களில்: ஜனவரி 9 கூட்டுக, பிப்ரவரி 14 கூட்டுக, மார்ச் 9 கூட்டுக, ஏப்ரலில் திருத்தம் இல்லை, மே 4 கழிக்க, ஜூனில் திருத்தம் இல்லை, ஜூலை 6 கூட்டுக, ஆகஸ்ட் 4 கூட்டுக, செப்டம்பர் 5 கழிக்க, அக்டோபர் 14 கழிக்க, நவம்பர் 15 கழிக்க, டிசம்பர் 5 கழிக்க. இடைப்பட்ட தேதிகளுக்கு இரண்டுக்கும் நடுவே மதிப்பிடலாம். டிசம்பர் கடைசியிலும் ஜனவரி தொடக்கத்திலும் மட்டும் இது விரைவாக மாறும்: டிசம்பர் 25 வாக்கில் சுழியைக் கடந்து, ஜனவரி 1இல் 3 நிமிடம் கூட்ட வேண்டியதாகிவிடும்.

பிப்ரவரி 15 அன்று கோயம்புத்தூரில் நிழல் 12 மணியைக் காட்டினால், ஊருக்கு 22, தேதிக்கு 14 ஆகியவற்றைக் கூட்ட, கைக்கடிகாரம் 12.36 என்று இருக்க வேண்டும். நவம்பர் 3 அன்று சென்னையில் நிழல் 12 மணியைக் காட்டும்போது, 9 கூட்டி 16 கழிக்க, கைக்கடிகாரத்தில் 11.53 தான் ஆகியிருக்கும். இந்தத் திருத்தப் பட்டியலைச் சிறிய எழுத்தில் எழுதி அடிப்பலகையில் ஒட்டிவையுங்கள். ஊருக்கான நிமிடங்களைக் கோடுகளிலேயே சேர்த்து, அவற்றை இடம் மாற்றி வரைந்துவிடலாமே என்று தோன்றும். அப்படிச் செய்தால் காலை மாலைக் கோடுகளின் சமச்சீர் குலைந்து, 9 மணி, 3 மணிச் சோதனையும் கைநழுவிவிடும் என்பதால், முதன்முறை செய்பவர்களுக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

விரும்பினால்: பருவம் காட்டும் கோடுகள்

சுவரின் மேல் விளிம்பில், நீளத்தின் சரிநடுவில், 2 மி.மீ. ஆழத்துக்கு ஆங்கில வி எழுத்தைப் போல ஒரு வெட்டு போடுங்கள். நிழலின் ஓரத்தில் அந்த வெட்டு ஒரு சிறிய ஒளிப் பல்லாகத் தெரியும். மார்ச் 21, செப்டம்பர் 23 ஆகிய சம பகலிரவு நாள்களை ஒட்டி, அந்த ஒளிப் பல் காலையிலிருந்து மாலை வரை தகட்டின் நடுவே கிழக்கு மேற்காக ஒரே நேர்கோட்டில் செல்லும். தகட்டின் வட விளிம்பிலிருந்து 100 மி.மீ. தொலைவில் அந்தக் கோட்டை வரைந்துகொள்ளுங்கள்.

சூரியன் வடக்கே இருக்கும் மாதங்களில் ஒளிப் பல் இக்கோட்டுக்குத் தெற்கேயும், தெற்கே இருக்கும் மாதங்களில் வடக்கேயும் செல்லும். ஜூன் 21 அன்று தெற்கேயும் டிசம்பர் 22 அன்று வடக்கேயும் அது விலகி நிற்கும் தொலைவு: நண்பகலில் 13 மி.மீ., 11 மற்றும் 1 மணிக் கோடுகளில் 13.5, 10 மற்றும் 2 மணிக் கோடுகளில் 15, 9 மற்றும் 3 மணிக் கோடுகளில் 18.4, 8 மற்றும் 4 மணிக் கோடுகளில் 26, 7 மற்றும் 5 மணிக் கோடுகளில் 50 மி.மீ. இந்தப் புள்ளிகளை வளைவாக இணைத்தால், அந்தக் கிழக்கு மேற்குக் கோட்டுக்கு வடக்கிலும் தெற்கிலுமாக இரண்டு வளைவுகள் கிடைக்கும். ஆண்டின் எந்த நாளிலும் ஒளிப் பல் இந்த இரண்டு வளைவுகளுக்குள்தான் இருக்கும். வெளியே போனால் தகட்டின் சாய்வைத் திரும்ப அளந்து பாருங்கள்.

பனியும் மழையும் பட்டால் அட்டை உப்பிவிடும். தகட்டின் மேல் கண்ணாடித் தாளை ஒட்டி, ஓரங்களை டேப்பால் மூடி, மாலையில் உள்ளே எடுத்து வைத்துவிடுங்கள். அடிப்பலகையின் நான்கு மூலைகளும் வரும் இடங்களைத் தரையில் பெயின்டால் குறித்துவிட்டால், மறுநாள் காலையில் திசையும் மட்டமும் மாறாமல் அதே இடத்தில் திரும்ப வைத்துவிடலாம்.